சைவக் காக்கை தேடி

மலாய் நாட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் எதையாவது தேடித்தான் போகிறார்கள். சிலர் வேலை தேடிப் போகிறார்கள், சிலர் ஓடிப்போன தம்பியைத் தேடிப் போகிறார்கள். நான் தேடியது ஒரு காக்கையை. அதுவும் அன்றைக்கு மீன் தின்னாத காக்கையை.

கப்பல் ஏறும்போது எனக்கு அப்படி ஒரு உத்தேசமே கிடையாது. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் என்ற பகுதியில் இருக்கும் என் தங்கை செண்பகத்தைப் பார்த்து, அம்மா கொடுத்தனுப்பிய வடகத்தையும் மாவடுவையும் ஒப்படைத்துவிட்டு அடுத்த கப்பலில் திரும்புவதாக ஏற்பாடு. போன இடத்தில் அந்த மாவடுவில் பாதியை நானே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டு படுத்துவிட்டேன். கப்பல் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. அடுத்த கப்பல் வருவதற்குள் எங்கள் அப்பாவின் திதி வந்துவிட்டது.

திதியென்றால் சமைத்ததை இலையில் படைத்து, காக்கைக்கு வைத்து, அது எடுத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் வாயில் வைக்கலாம். அப்பா காக்கை ரூபத்தில் வந்து சாப்பிட்டுப் போவதாக ஐதீகம். ஊரில் இதில் ஒரு சிரமமும் இல்லை. இலையைக் கீழே வைப்பதற்கு முன்பே நாலு அப்பாக்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

பிரிக்பீல்ட்ஸிலோ எல்லாம் கிடைக்கிறது, காக்கை மட்டும் கிடைக்கவில்லை. முருங்கைக்காய் கிடைக்கிறது, கும்பகோணம் வெற்றிலை மாதிரியே ஒரு வெற்றிலை கிடைக்கிறது. மரத்தைப் பார்த்தால் மைனா, கூரையைப் பார்த்தால் குருவி. செண்பகம் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை கொல்லையில் வைக்கும் சோற்றை அடுத்த வீட்டுச் சீனருடைய கோழிகள் தின்று கொழுத்துப் போயிருக்கின்றன.

"போன வருஷமும் அப்பா திதிக்கு அந்தக் கோழிதான் தின்னுச்சு அண்ணே. அதை அப்பான்னு நினைக்க மனசு வரலை" என்றாள் செண்பகம். "அப்பா என் வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டதில்லை. இந்த வருஷம் நீயும் இருக்கே. எப்படியாவது அவரைச் சாப்பிட வெச்சுடணும்."

அவள் சொன்னது வெறும் பேச்சல்ல. பெண்ணுக்குக் குழந்தை பிறக்கும் வரையில் பெற்றவர்கள் அவள் வீட்டில் கை நனைக்கக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். அப்பா அதில் மிகவும் கறார். கல்யாணமான புதிதில் அவள் மன்னார்குடியில் குடித்தனம் இருந்தபோது போய்ப் பார்ப்பார். வாழைப்பழமோ பலகாரமோ இல்லாமல் வெறுங்கையோடு போகமாட்டார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிடுவார். அப்புறம் மாப்பிள்ளைக்கு மலாய் நாட்டில் வேலையாயிற்று. கடல் தாண்டிப் போகவேண்டாம் என்று அப்பா சொன்னார். அவள் போனாள். குழந்தை பிறந்தது இங்கே, அப்பா அங்கே. பேத்தி நடக்கப் பழகுவதற்குள் அவர் போய்விட்டார்.

இத்தனைக்கும் சாப்பாட்டு விஷயத்தில் அப்பா பெரிய திருடர். இலையில் எதைப் பரிமாறினாலும் "வேண்டாம், போதும்" என்று கையைக் குறுக்கே வைத்துத் தடுப்பார். அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் செண்பகத்தின் இலையிலிருந்து வடையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். "கேட்டா குடுக்க மாட்டேனா?" என்று அவள் கத்துவாள். எங்கள் வீட்டில் இது தினசரி பூஜை மாதிரி நடந்தது.

காக்கைக்கு வழி சொன்னவர் அடுத்த குவார்ட்டர்ஸில் இருந்த கந்தையா. யாழ்ப்பாணத்துக்காரர். என் மாப்பிள்ளை வைத்திலிங்கம் ரயில்வே சரக்குக் கொட்டகையில் குமாஸ்தா; கந்தையா அவருக்கு ஒரு படி மேலே உள்ள குமாஸ்தா. அந்த ஒரு படியை மாப்பிள்ளை மறந்தாலும் அவர் மறக்கமாட்டார்.

"காகம் வேணுமெண்டால் கிள்ளான் பக்கம் போகவேணும்" என்றார் கந்தையா. "அங்கை துறைமுகத்திலை நிறையக் கிடக்கு. எல்லாம் எங்கட ஊர்க் காகங்கள். முந்தி கோப்பித் தோட்டத்திலை புழு விழுந்தபோது சிலோனிலை இருந்து கப்பலிலை கொண்டுவந்து விட்டவை. என்னைப்போலத்தான், உத்தியோகத்துக்கு வந்ததுகள்."

எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. தஞ்சாவூர் ஜில்லாவைத் தாண்டாத எங்கள் அப்பா, சிலோன் காக்கைக்குள் எப்படிப் புகுவார்?

"மாமா அட்ஜஸ்ட் பண்ணிக்குவார் லா மச்சான்" என்றார் மாப்பிள்ளை. பேச்சோடு பேச்சாக ஒரு 'லா' போடுவது இந்த ஊர்ப் பழக்கம். அவர் முகம் மலர்ந்திருந்தது. ரயில்வே ஊழியர் குடும்பத்துக்கு உண்டான இலவசப் பாஸ் அவரிடம் உபயோகிக்காமல் கிடந்தது. இலவசம் என்றால் மாப்பிள்ளை விளக்கெண்ணெயையும் இரண்டு கரண்டி குடிப்பார். "ரயில் சும்மா. கடல் காத்து சும்மா. ஒரே பாஸ்ல திதியும் ஆச்சு, பிக்னிக்கும் ஆச்சு."

மாப்பிள்ளை சொன்னால் மறுக்க முடியுமா? சரி என்றேன்.

மறுநாள் விடியுமுன்பே செண்பகம் சமைத்து முடித்துவிட்டாள். சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், பாகற்காய், பிரண்டைத் துவையல், அதிரசம், பாயசம், உளுந்து வடை. வடையின் வாசனை மட்டும் என்னை ஸ்டேஷன் வரையில் இழுத்துக்கொண்டு போயிற்று. நான் திதி கொடுக்கிறவன். தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடக்கூடாது. செண்பகமும் மாப்பிள்ளையும் பட்டினி. அவர்களுடைய ஆறு வயது மகள் பவானிக்கு மட்டும் ஒரு டம்ளர் பால் கொடுத்திருந்தார்கள். கந்தையா "துணைக்கு வாறன்" என்று குடையோடு வந்து சேர்ந்துகொண்டார். அவர் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். ஏப்பம் விட்டபோது தெரிந்தது.

மூன்றாம் வகுப்பு வண்டியில் டிபன் கேரியரை மேல் தட்டில் வைத்தோம். இந்த ஊர் ரயில் நம் ஊர் ரயிலைவிடச் சுத்தம். ஆனால் குலுக்குவதில் நம் ஊர் ரயிலுக்கு அண்ணன். ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வளைவில் வண்டி திரும்பியபோது கேரியரின் மேல் அடுக்கு வாய் திறந்து, கீழே தூங்கிக்கொண்டிருந்த ஒரு சீனக் கிழவரின் வழுக்கைத் தலையில் பாயசம் சொட்டு சொட்டாக விழ ஆரம்பித்தது.

கிழவர் கண் விழித்தார். தலையைத் தடவினார். விரலை முகர்ந்தார். பிறகு நக்கினார். திரும்பவும் தலையைத் தடவினார்.

"போச்சு!" என்றாள் செண்பகம். "அப்பாவுக்கு முன்னாடி வேற ஒருத்தர் வாய் வெச்சாச்சு. பாயசம் இனிமே ஆகாது."

மாப்பிள்ளை மலாய் மொழியில் மன்னிப்புக் கேட்டு, இது இறந்துபோன மாமனாருக்கான சாப்பாடு என்று விளக்கினார். கிழவர் மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அவர் சொன்னதை மாப்பிள்ளை எனக்குத் தமிழில் சொன்னார்: "நாங்களும் அப்பாவுக்குச் சாப்பாடு வைப்போம். எங்கள் அப்பா வாசனையை மட்டும் எடுத்துக்கொள்வார். மிச்சத்தை நாங்கள் சாப்பிடுவோம். உங்கள் அப்பா முழுதும் சாப்பிட்டுவிடுவாரா?" ஆமாம் என்றதும், கிழவர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். இனி உதவாத பாயசத்தை அவரிடமே கொடுத்துவிட்டோம். கிள்ளான் ஆற்றுப் பாலம் வருவதற்குள் அடுக்கைத் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பட்டினி வயிற்றோடு எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

துறைமுகத்தில் இறங்கியதும் கந்தையா சொன்னது பொய்யல்ல என்று தெரிந்தது. கூரையெல்லாம் காக்கை. கம்பியெல்லாம் காக்கை. "கா" என்ற அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு ஊருக்கே வந்துவிட்டது போல் இருந்தது. இலையைப் பிரிக்கலாம் என்று உட்காரப் போனேன்.

"இங்கே வேண்டாம்" என்றாள் செண்பகம்.

அவள் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் நானும் பார்த்தேன். மீன் காயப்போட்டிருந்த தட்டிகளின்மேல் அத்தனை காக்கைகளும் வரிசையாக உட்கார்ந்து பந்தி நடத்திக்கொண்டிருந்தன. ஒன்று குடல், ஒன்று தலை, ஒன்று வால்.

"அப்பா திதியன்னிக்கு மீன் தின்ன வாயால வந்து சாப்பிடுவாரா? வேற காக்கா பாருங்க."

"செண்பகம், காக்கா எங்கேயும் இப்படித்தான். நம்ம ஊர்க் காக்கா மட்டும் சைவமா?"

"நம்ம ஊர்ல அது என்ன தின்னுச்சுன்னு நான் பார்த்ததில்லை அண்ணே. இங்கே கண்ணால பார்த்துட்டேன்."

கந்தையாதான் மிகவும் புண்பட்டார். "எங்கட காகங்கள் கடல்கரையிலை வேறென்னத்தைத் தின்னும்? புட்டும் சம்பலுமோ?" என்றார். செண்பகம் அசையவில்லை.

மாப்பிள்ளைக்கு உடனே யோசனை பிறந்தது. யோசனை இலவசமாயிற்றே. கொஞ்ச தூரத்தில் அரசாங்கம் மரம் வெட்டக்கூடாதென்று காத்து வைத்திருக்கும் அலையாத்திக் காடு ஒன்று உண்டு. அங்குள்ள மலாய்க் காவலர் அவருக்குச் சிநேகம். தம் சம்பானில், அதாவது சின்னத் துடுப்புப் படகில், சும்மாவே கூட்டிப்போவார். "அங்கே மீன் சந்தை கிடையாது மச்சான். அங்கே இருக்கிற காக்கா பழம், கொட்டைன்னு தின்னுகிட்டு நம்மளைவிடச் சைவமா இருக்கும்."

ஆயிரம் காக்கைகளை விட்டுவிட்டு ஒரு காக்கையைத் தேடிப் புறப்பட்டோம்.

காட்டைப் பற்றி எழுதவேண்டும். முத்துப்பேட்டைக்குப் போயிருக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதையே நினைத்துக்கொள்ளலாம். அதே மரம், அதே சேறு, சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அதே வேர்கள். கொசு மட்டும் இங்கே நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தது. கப்பலில் அத்தனை நாள் வாந்தியெடுத்து வந்தது முத்துப்பேட்டையைப் பார்க்கவா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் பொய் சொல்லக்கூடாது. ஓடைக்குள் படகு நுழைந்ததும் பச்சை நிழல் குளுகுளுவென்று வந்து மூடிக்கொண்டது. ஒரு நீல மீன்கொத்தி எங்களுக்கு முன்னால் வழிகாட்டிப் பறந்தது. கரையில் சில மீன்கள் தண்ணீரை விட்டு ஏறி, சேற்றில் நடந்து, வேர்மேல் உட்கார்ந்து எங்களை முறைத்துப் பார்த்தன. பவானி கைதட்டினாள். காக்கையைத்தான் காணோம்.

காவலருடைய மரக்குடிசை கால்களின்மேல் உயரமாக நின்றது. முன்னால் பலகைத் தளம். காவலர் சட்டத்தைச் சொன்னார்: கிளை ஒடிக்கக்கூடாது, நெருப்பு மூட்டக்கூடாது, மிருகங்களுக்குச் சாப்பாடு போடக்கூடாது.

"மிருகத்துக்கு இல்லை, என் மாமனாருக்கு" என்றார் மாப்பிள்ளை மலாயில்.

"எங்கே அவர்?"

"இந்தியாவிலிருந்து வரவேண்டும்."

"எந்தக் கப்பலில்?"

"கப்பலில் இல்லை. பறந்து வருவார்."

காவலர் கவலையோடு நாலு பக்கமும் பார்த்தார். "இங்கே ஆகாய விமானம் இறங்க முடியாதே. எல்லாம் சேறு" என்றார்.

இலையை விரித்து எல்லாவற்றையும் படைத்தோம். நான் எள்ளும் தண்ணீரும் விட்டுக் கும்பிட்டேன். பிறகு கூப்பிட ஆரம்பித்தோம். நான் "கா, கா" என்றேன். கந்தையா, அதுகள் தம் ஊர்ப் பாஷைக்குத்தான் வரும் என்று சொல்லி, தம் ராகத்தில் "காஆ" என்று நீட்டினார். பவானி "தாத்தா! தாத்தா!" என்று கூப்பிட்டாள். காடு முழுக்க எங்கள் சத்தம்.

மரங்கள் அசைந்தன.

"அம்மா, தாத்தா கூட்டமா வந்திருக்கார்!" என்று பவானி கூவினாள்.

வந்தவை குரங்குகள். சோறு, பருப்பு, பொரியல் எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் மரத்துக்குப் போயின. ஒரு கிழக் குரங்கு பாகற்காயை வாயில் போட்டுவிட்டு, செண்பகத்தைப் பார்த்து அருவருப்போடு துப்பியது. இன்னொன்று கந்தையாவின் குடையைப் பிடுங்கிக்கொண்டு மேலே போய், அதை விரிக்கத் தெரியாமல் கைப்பிடியைக் கடித்துப் பார்த்தது. "அது லண்டன் குடை! கடியாதை!" என்று கந்தையா கீழே நின்று குதித்தார். மிஞ்சியது கேரியரின் அடி அடுக்கில் இருந்த வடைகள் மட்டும். அந்த மூடி எப்போதுமே லேசில் திறக்காது.

"திரும்பப் போயிடலாம்" என்றேன். "மீன் தின்ன காக்காயே போதும். அப்பா பொறுத்துக்குவார்."

படகில் ஏறப் போனோம். ஓடையைக் காணவில்லை. நாங்கள் காக்கை கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கடல் வற்றி, படகு சேற்றின்மேல் எருமை மாதிரி படுத்திருந்தது. தண்ணீர் ஏறினால்தான் போக முடியும் என்றார் காவலர். அது எப்போது என்று கேட்டோம். கடலைக் காட்டினார். பிறகு தம் இலைப்பொட்டலத்தைப் பிரித்து, தேங்காய்ப்பால் சோறும் கருவாட்டுச் சம்பலும் சாப்பிட ஆரம்பித்தார். அவர் மெல்லும் சத்தத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

வெயில் ஏறியது. பவானி பசி என்று முதலில் முணுமுணுத்தாள், பிறகு அழுதாள், பிறகு அழவும் தெம்பில்லாமல் என் மடியில் சாய்ந்துகொண்டாள். செண்பகம் வெகுநேரம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எழுந்து வந்து இரண்டு இலைத் துண்டு போட்டு வடை வைத்தாள்.

"அப்பாவுக்கு ஒண்ணு வெச்சுட்டேன். வந்தா வரட்டும். குழந்தையைக் காயப்போட முடியாது" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "அவருக்கு இன்னும் கோபம் தீரலை அண்ணே. போகாதேன்னார், போனேன். இங்கே வந்து எத்தனை தடவை கூப்பிட்டேன்! என் வீட்டுச் சாப்பாட்டை அவர் தொடவே மாட்டார்."

எனக்கும் கண் கலங்கிவிட்டது. அம்மாவும் சாப்பிட்டால்தான் சாப்பிடுவேன் என்று பவானி அடம் பிடித்ததால், செண்பகம் தனக்கும் ஓர் இலைத் துண்டில் ஒரு வடை போட்டுக்கொண்டு குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்போது குடிசைக் கூரையில் ஏதோ தட்டியது.

ஒரு காக்கை. ஒன்றே ஒன்று. கொஞ்சம் நரைத்த கழுத்து. வாயில் ஒரு சின்ன மீன், இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அது தளத்தில் இறங்கி, படைத்த இலையை ஒரு கண்ணால் பார்த்தது. அதில் வடை இருந்தது, தொடவில்லை. "வேண்டாம், போதும்" என்பது போல அதைச் சுற்றிக்கொண்டு நடந்தது. நேரே செண்பகத்தின் இலைக்கு வந்தது. மீனைக் கீழே வைத்தது. வடையைத் தூக்கியது. பறந்து போய்க் கிளையில் உட்கார்ந்துவிட்டது.

"கேட்டா குடுக்க மாட்டேனா?" என்று கத்தினாள் செண்பகம்.

கத்திய பிறகுதான் அவளுக்கே என்ன சொன்னோம் என்று தெரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என்னைப் பார்த்தாள்.

முதலில் பேசியவர் மாப்பிள்ளைதான். இலையில் கிடந்த மீனை வெகு மரியாதையோடு பார்த்துவிட்டு, "பொண்ணு வீட்டுக்கு வெறுங்கையோட வரக்கூடாதுன்னு ஏதோ கிடைச்சதைக் கொண்டாந்திருக்கார் லா" என்றார்.

செண்பகம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே இன்னொரு வடையைப் பிட்டு நீட்டினாள். காக்கை வந்து அதையும் வாங்கிக்கொண்டது. "எங்கட ஊர்க் காகம்" என்று கந்தையா குடை போன துக்கத்தையும் மறந்து நெஞ்சை நிமிர்த்தினார். சாப்பிட்டு முடித்த காவலர் மாப்பிள்ளையிடம் மெதுவாக ஏதோ கேட்டார். "இவர்தான் மாமனாரா? கறுப்பாக இருக்கிறாரே" என்று கேட்டதாக மாப்பிள்ளை பிறகு சொன்னார்.

மிச்ச வடைகளை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டோம். கந்தையாவும் பங்கு வாங்கிக்கொண்டார். அந்தப் பாதி வடைக்கு ஈடான சாப்பாட்டை நான் அதற்கு முன்பும் சாப்பிட்டதில்லை, பின்பும் சாப்பிட்டதில்லை. கடல் ஏறி, படகு மிதந்து, கடைசி ரயிலைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தோம். பிக்னிக் எப்படி என்று மாப்பிள்ளை கேட்டார். பிரமாதம் என்றேன்.

கப்பலுக்குக் கிளம்பும்போது செண்பகம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா என் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டார்னு அம்மாகிட்ட மறக்காம சொல்லு அண்ணே. மீனை மட்டும் சொல்லாதே."

ஊருக்கு வந்து, குளித்து, உட்கார்ந்ததும் முதல் வேலையாக அம்மாவிடம் சொன்னேன். ரயிலைச் சொன்னேன், பாயசத்தைச் சொன்னேன், குரங்குகளைச் சொன்னேன், மீனை விட்டுவிட்டேன். அம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. மலாய் நாட்டுக் காக்கையை அவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொள்கிறவள் அல்ல அவள்.

"படைச்ச இலையிலேருந்துதானே எடுத்துச்சு?" என்று கேட்டாள்.

"இல்லேம்மா. அதைத் தொடவே இல்லை. செண்பகம் இலையிலேருந்து வடையைத் தூக்கிட்டுப் போயிடுச்சு."

அம்மாவின் கை புளியிலேயே நின்றுவிட்டது.

"அப்ப அவரேதான்" என்றாள்.